வரையாடுகளுக்கு அஞ்சலி

காலை ஒன்பதரைக்கு வெயில் சங்கு ஊதியதும் வால்பாறை மலையில் மனிதர்கள் எல்லோரும் நிலத்துக்கு அடியில் இறங்கிவிடுவார்கள். மாலையில் அடுத்த சங்கு ஊதும்வரை மேலே நடமாடக் கூடாது. பள்ளிக்கூடம், கடை, கல்யாணம் எல்லாம் கீழேதான். இருபத்திரண்டாம் நூற்றாண்டில் இதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. மழைக்குக் குடை பிடிப்பது போல அதுவும் ஒரு வழக்கம்.

பூங்கோதைக்கு மட்டும் அந்த நேரத்தில் கூடுதலாக ஒரு வேலை இருந்தது. பதினேழு வரையாடுகளையும் குளிர்க்குகைக்குள் ஓட்டிக் கதவைச் சாத்த வேண்டும். அவள் காட்டுயிர்க் காப்பு ஆணையத்தின் கால்நடை மருத்துவர். மலை சூடாக ஆக அந்த ஆடுகள் மேலே மேலே ஏறி, கடைசியில் உச்சிக்கு வந்து நின்றிருந்தன. அதற்கு மேல் ஏற மலை இல்லை.

ஆணையம் சும்மா இருக்கவில்லை. குழு அமைத்தது. வெப்பம் ஏறியிருப்பது உண்மைதான் என்று குழு அறிக்கை தந்தது. அறிக்கையைப் பரிசீலிக்க இன்னொரு குழு வந்தது. அதற்குள் வெப்பம் மேலும் ஏறிவிட்டதால் புள்ளிவிவரம் பழையது என்று அறிக்கையைத் திருப்பி அனுப்பினார்கள். இப்படியே ஒன்பது ஆண்டுகள் போயின. இருநூறு ஆடுகள் பதினேழானது அந்த ஒன்பது ஆண்டுகளில்தான்.

அத்தனை ஆண்டும் பூங்கோதை ஒரே கோரிக்கையை எழுதிக்கொண்டிருந்தாள். பாலைவன ஆடு ஒன்றின் வெப்பத்தாங்கி மரபணுக்களை வரையாட்டின் கருவில் சேர்த்துப் பார்க்கலாம் என்பது அது. துணை இயக்குநர் அருமைநாதன் கெட்டவர் அல்ல. ஓய்வு பெறுவதற்குள் ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, ஒருநாள் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

முதல் குட்டி பிறந்த நான்காம் மாதம் ஒரு நடுப்பகலில், நிலத்தடி அறையின் திரையில் அவள் அதைப் பார்த்தாள். நாற்பத்தேழு பாகை வெயிலில், மொட்டைப் பாறையின் விளிம்பில் நின்று அது நிதானமாகப் புல் மென்றுகொண்டிருந்தது. அந்த மலையில் அப்போது வெளியே நின்ற உயிர் அது ஒன்றுதான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஆறு ஆண்டுகளில் புதியவை நாற்பத்து மூன்றாயின. பழையவை ஒவ்வொன்றாகப் போயின. கடைசிக் கிழ ஆடு பங்குனியில் அவள் மடியிலேயே கண்ணை மூடியது. புதியவை நலமாக இருக்கின்றன என்று தலைமையகத்துக்கு எழுதினாள். பாராட்டு வரும் என்று அவள் எதிர்பார்த்தது தப்பில்லை.

அருமைநாதன் நேரிலேயே வந்தார். உயிர்ப்பட்டியலில் வரையாடு என்றால் இன்ன மரபணு என்று சட்டப்படி எழுதியிருக்கிறது, புதியவை அதோடு ஒத்துப்போகவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“வெயிலத் தாங்கறதுக்கு நாமதானுங்களே மாத்துனோம்?” என்றாள் பூங்கோதை.

“ஆமாம்மா. அதனாலதான் ஒத்துப்போகல.”

“அப்ப இதுகளெல்லாம் என்னதுங்க சார்?”

“பட்டியல்ல இல்லாத விலங்கு.”

பட்டியலில் இருந்தது செத்துவிட்டது. உயிரோடு இருப்பது பட்டியலில் இல்லை. ஆகவே வரையாடு அற்றுப்போனதாக ஆணையம் அறிவித்துவிட்டது. உச்சிக்கும் இனிப் பாதுகாப்பு தேவையில்லை. அங்கே வரையாடு நினைவு மண்டபம் எழும்பும். வேலிக்குள் வரும் பிற விலங்குகளை அகற்று எந்திரங்கள் பார்த்துக்கொள்ளும். எப்படிப் பார்த்துக்கொள்ளும் என்று அவள் கேட்டதற்கு அவர் குரலைத் தாழ்த்தி, சுட்டுவிடும் என்றார்.

அடிக்கல் நாட்டும் நாளில் பெரியவர்கள் குளிர்க்கவசம் அணிந்து உச்சியில் கூடினார்கள். பூங்கோதை இரங்கல் உரை வாசித்தாள். பிறகு எல்லோரும் தலை குனிந்து இரண்டு நிமிட மௌனம் தொடங்கினார்கள். அப்போது பாறைப் பக்கமிருந்து கத்தலும் குளம்புச் சத்தமும் கேட்டன. ஒலிபெருக்கியில் அவள் குரல் கேட்டு, வழக்கம்போல உப்பு தரத்தான் கூப்பிடுகிறாள் என்று நாற்பத்து மூன்றும் வேலிக்குள் ஏறி வந்துவிட்டன. வேலியோரத்தில் எந்திரங்கள் தலையைத் திருப்பின.

அருமைநாதன் அவள் காதருகே குனிந்தார். “சீக்கிரம் ஓட்டி விட்டுடும்மா. அஞ்சலிக்குத் தொந்தரவா இருக்கு. எந்திரங்க வேற கிளம்பிடுச்சு.”

பூங்கோதை போனாள். கையை வீசினாள், அதட்டினாள். ஆடுகள் நகரவில்லை. முதல் குட்டியாகப் பிறந்த கிடா அவள் உள்ளங்கையை நக்கி உப்பைத் தேடியது. அவள் குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். முதல் கல் வேண்டுமென்றே தள்ளி விழுந்தது. அவை பயப்படாமல் அதை மோந்து பார்த்தன. இரண்டாவது கல்லைக் கிடாவின் நெற்றியைப் பார்த்து ஓங்கி எறிந்தாள்.

அது ஒரு கணம் அவளையே பார்த்தது. பிறகு ஓடியது. அதன் பின்னால் எல்லாமே வேலியைத் தாண்டி மேற்குச் சரிவில் இறங்கி மறைந்தன.

அவள் திரும்பி வந்து தன் இடத்தில் நின்றதும் மௌனத்தை முதலிலிருந்து தொடங்கினார்கள். இந்த முறை எந்தச் சத்தமும் இல்லை.