இறங்கு ஏலம்

"வலி பத்துக்கு எவ்வளவுக்கா?" என்று நர்ஸ் கேட்டாள். கட்டிலில் கிடந்த சைரன் வாயைத் திறப்பதற்குள் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்துவிட்டது.

"எட்டு."

அவள் ஒன்பது என்று சொல்ல இருந்தாள். ஒன்று குறைந்ததில் வருத்தமில்லை. சொன்ன குரல்தான் அவளுடையதாக இருந்தது.

மீன் சந்தையில் ஏலம் கூவுகிறவளுக்குத் தன் குரல் தெரியாமல் போகாது. அந்தக் குரலுக்காகத்தான் சந்தை அவளுக்குச் சைரன் என்று பேர் வைத்தது. கட்டினவரும் அப்படித்தான் கூப்பிடுவார், கொஞ்சம் தள்ளி நின்று. இன்று காலையிலிருந்து அவள் இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ அம்மி கொத்திக்கொண்டிருக்க, மதியம் அவர்தான் ஸ்கூட்டரில் அள்ளிப் போட்டு அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார். வெளிச்சம் ஆகாது என்று மூலைக் கட்டிலில் கிடத்தி, விளக்கை அணைத்து, திரையை இழுத்துவிட்டு, அவரை வெளியே நிற்கச் சொன்னார்கள்.

"ஏதாச்சும் பெருசா போடுங்க டாக்டர். மார்ஃபின் மாதிரி," என்று வந்த டாக்டரிடம் கெஞ்சினாள்.

"ஒற்றைத் தலைவலிக்கு அது வேண்டாம்மா. கொஞ்ச நேரம் மரத்துப் போகும், அப்புறம் வட்டியோட திரும்பி வரும். வாந்திக்குப் போடுற மருந்துதான் இதுக்கும் கேக்கும். கூட வலிக்கு ஒரு ஊசி. மெதுவா ஏத்துறோம், கால் துறுதுறுன்னா சொல்லுங்க. பூஜ்ஜியம்னு உங்க வாயால சொன்ன உடனே வீட்டுக்குப் போகலாம்."

மருந்து இறங்கியது. குழாயில் சொட்டு விழும் சத்தமும், தரை துடைத்த மருந்தின் நெடியும், எங்கோ ஒரு தள்ளுவண்டிச் சக்கரத்தின் கீச்சும், முதலில் தலைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தவை, ஒவ்வொன்றாக வெளியே போய் அதனதன் இடத்தில் நின்றன. இருட்டு இதமாக இருந்தது. அந்த இதத்தில்தான் கேட்டது: பக்கத்தில் இன்னொரு மூச்சு, அவள் இழுக்கும்போது இழுத்து, விடும்போது விட்டது.

"இப்ப எவ்வளவுக்கா?"

"ஆ..."

"அஞ்சு," என்றது திரை.

"பரவால்லையே," என்று நர்ஸ் குறித்துக்கொண்டாள்.

"நான் சொல்லல சிஸ்டர். பக்கத்து பெட்ல யாரு?"

"அது காலிக்கா. யாராச்சும் இருந்திருந்தா உங்க குறட்டைக்கு எந்திரிச்சு ஓடியிருப்பாங்க."

நர்ஸ் போய்விட்டாள். யாரும் கேட்காமலே திரை மெல்லச் சொன்னது.

"நாலு."

அவள் சந்தையில் ஏலம் ஏறாது, இறங்கும். நாறப் போகிற சரக்குக்கு அதுதான் முறை. உச்சி விலையில் தொடங்கி அவள் கீழே கீழே கூவிக்கொண்டு வருவாள். எவன் முதலில் வாயைத் திறக்கிறானோ, சரக்கு அவனுக்கு. இங்கேயும் ஒன்று இறங்கிக்கொண்டிருக்கிறது. சரக்கு எது?

வெளியே அவர் இருமினார். அவர். வீடு. வாசல் சாவி. எல்லாமே, பூஜ்ஜியம் என்று முதலில் சொல்கிற வாய்க்கு.

கால் துறுதுறுத்தது. குனிந்து பார்த்தாள். திரைக்கு அடியில் இரண்டு பாதங்கள், அதே துறுதுறுப்பில், அதே தாளத்தில். அவளுடைய செருப்பை மாட்டியிருந்தன. விரல்கள் கதவைப் பார்த்திருந்தன.

"ரெண்டு."

அவளுக்கும் இரண்டுதான். அப்புறம் அதுவும் இல்லை. வலி கழுவிவிட்ட மாதிரி போயிருந்தது. பூஜ்ஜியம் நாக்கு நுனியில் இனித்தது. முந்திக்கொள்ளலாமா? ஒவ்வொரு தடவையும் அதுதான் முந்தியது. தவிரவும், கூவுகிறவள் விலை கேட்கக் கூடாது.

ஆனால் கூவுகிறவளுக்கு ஒரு உரிமை உண்டு.

காலடிச் சத்தம். நர்ஸ். "அண்ணன் வண்டிய வாசலுக்குக் கொண்டாந்துட்டாருக்கா. இப்ப எவ்..."

திரைக்குப் பின்னால் ஒரு வாய் திறக்கும் ஈரச் சத்தம்.

"பத்து!"

சந்தையே திரும்பிப் பார்க்கும் குரல். ஏலம் கலைந்தது. மறுபடி உச்சியிலிருந்து.

வலி வந்தது. கேட்ட வலி. மொத்தமாக. அம்மி, உளி, கொத்துகிற ஆள் எல்லாம். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

செருப்புகள் அசையாமல் நின்றன. பிறகு பாதங்கள் மெல்ல மேலே போயின. பக்கத்துக் கட்டில் முனகியது.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு வந்தது.

"கூவுறது நான்டி. பொழுது விடியிற வரைக்கும் கூவுவேன்."

திரைத்துணி அவள் முகத்தின் உயரத்தில் மெல்லப் புடைத்தது. நெற்றி. மூக்கு. வாய் இருக்கவேண்டிய இடத்தில் துணி உள்ளே இழுபட்டு, நனைந்து, வட்டமாகப் பள்ளமானது.

"ஒன்பது," என்றது, பொறுமையாக.