காரியக்காரி

வீராம்பட்டினம் பஸ் முழுசாக நிற்பதற்குள் கவிநிலா ஜன்னல் வழியாகத் தன் டிபன் பையைச் சீட்டில் போட்டுவிட்டாள். ஆடி வெள்ளிக் கூட்டத்தில் வேறு எப்படி இடம் பிடிப்பது?

ஏறிப் பார்த்தால், அதே சீட்டில் ஒரு நீலக் கர்ச்சீப்! அதை எடுத்து ஜன்னல் கம்பியில் செருகிவிட்டு, ஜம்மென்று உட்கார்ந்தாள்.

"மேடம், அது நான் போட்ட கர்ச்சீப்..."

நிமிர்ந்தாள். மழையில் நனைந்து நின்றான் ஒருவன். இமையில்கூட மழைத்துளி... என்ன கண்ணுடா இது!

"சீட்டுல உங்க பேரு எழுதியிருக்கா?" என்றாள் விடாமல்.

"ஆப்பர்ச்சூனிஸ்ட்!" என்று முணுமுணுத்தான் அவன்.

"அப்படின்னா?"

"சமயம் பாத்து தன் காரியத்தை முடிச்சிக்கிறவங்க."

அவள் முகம் சுண்டிப்போனது. போன மாதம் பெண் பார்க்க வந்தவர்களிடம், கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன், சம்பளத்தில் அம்மாவுக்கும் கொடுப்பேன் என்றாள். 'பொண்ணு காரியக்காரி' என்று எழுந்து போய்விட்டார்கள். அன்று வராத அழுகை, முன்பின் தெரியாத இவன் சொன்னதும் ஏன் வருகிறது?

"இங்கிலீஷ்லயும் என்னைத் திட்ட வார்த்தை இருக்கா? நீங்களே உக்காருங்க!"

எழுந்துவிட்டாள். அவனும் உட்காரவில்லை. கைக்குழந்தையோடு வந்த ஓர் அம்மாவுக்குத்தான் யோகம்.

அடுத்த வெள்ளி. அதே பஸ், அதே தூறல், அதே நீலக் கர்ச்சீப். பக்கத்தில் காவலுக்கு அவன்.

"இது உங்களுக்குப் போட்ட சீட்டுங்க. என் பேரு இளம்பரிதி, இங்கிலீஷ் வாத்தியார். அன்னிக்கிப் பாதிதான் சொன்னேன். அந்த வார்த்தையோட வேர் லத்தீன்ல இருக்கு... கப்பலைத் துறைமுகத்துப் பக்கம் தள்ளிட்டு வர்ற காத்து. நல்ல வார்த்தைங்க. திட்டா மாத்தினது பின்னாடி வந்தவங்க."

"அந்தக் காத்துக்கு எங்க ஊர்ல கொண்டல்னு பேரு. அதுல கரைக்கு வர்றவனை யாராச்சும் திட்டுவாங்களா?"

"நான் திட்டிட்டேனே... ஒரு வாரமா கண்ணை மூடினா உங்க முகம்தான்."

 அவள் உட்காராமலே கேட்டாள்.

"கல்யாணத்துக்கப்புறமும் நான் வேலைக்குப் போவேன். அம்மாவுக்குப் பணம் குடுப்பேன். அதுக்குத்தான் ஒரு வீட்டுல காரியக்காரின்னாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

"நானும் எங்கம்மாவுக்குக் குடுக்கறேனே... என்னையும் அப்படித்தான் சொல்லணும்!"

கவிநிலா சிரித்துவிட்டாள். கர்ச்சீப்பை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"ஏங்க, அது என்னுது..."

"நான் காரியக்காரிதாங்க. வேணுங்கறத வாய்விட்டுக் கேட்டு வாங்கிக்குவேன்," என்று அவன் கண்ணைப் பார்த்தே சொன்னாள். "எனக்கு நீங்க வேணும்."