ஓரத்தை நறுக்கியவள்

மடிக்கணினியில் ஓடிய படத்துக்கு மேலே ஒரு கறுப்புப் பட்டை, கீழே ஒன்று. கீழ்ப்பட்டை ஒரு நூலளவு அதிகம். வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. அவளுக்குத் தெரிந்தது, புகைப்படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் பழகிய கண் அது. சட்டத்துக்கும் படத்துக்கும் நடுவே இடைவெளி கிடந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. கூட்டமாக எடுத்த படமென்றால் ஓரத்தில் நிற்பவரின் தோளைக்கூடக் கேட்காமல் நறுக்கிவிடுவாள். "ஓரத்துல நிக்கிறவங்களை யாரு தேடப்போறாங்க?" என்பாள்.

வெளியே மழை விடாமல் கொட்டியது. கட்டில் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு மகள் உட்கார்ந்திருந்தாள். அம்மா பூசிவிட்ட சிவப்பு நகச்சாயத்தை விரல் விரித்து ஊதிக்கொண்டிருந்தாள்.

அம்மா தன் தம்பிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அது அகலமான படம்க்கா, அப்படித்தான் வரும். சும்மா விடேன்."

"கண்ணை உறுத்துதுடா."

"சரி, 'சி' எழுத்தை அமுக்கு. திரை நிறைஞ்சிரும், ஆனா ஓரத்தை வெட்டிரும். பிடிக்கலைன்னா அமுக்கிக்கிட்டே இரு, பழையபடி வந்துரும்."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். அமுக்கினாள்.

படம் திரை முழுக்க நிறைந்தது. அப்பாடா என்றிருந்தது. பிறகுதான் அறை இருட்டியிருப்பதும், ஈரத்துணி மக்கிய வாடை ஒன்று மெல்ல எழுவதும் உறைத்தது. நிமிர்ந்தாள். மின்விசிறியின் சத்தம் இருந்தது, விசிறி இல்லை. பாதிச் சுவருக்கு மேல் ஒரே கறுப்பு, அவளே அளவுகோல் வைத்து அறுத்ததுபோல் நேராக. குனிந்தாள். தரையும் அப்படியே.

"அம்மா, என் காலைக் காணோம்மா."

முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

"வலிக்குதாடி?"

"இல்ல. ஜில்லுனு இருக்கு. யாரோ பிடிச்சிருக்காங்க."

மகளின் கையைப் பற்றி இழுத்தாள். வரவில்லை. மறுகையால் அமுக்கினாள். இடப்பக்கச் சுவர் போயிற்று, கதவோடு. மறுபடி. ஜன்னல் போயிற்று. மழைச் சத்தம் மட்டும் மிச்சம். கறுப்பு மகளின் இடுப்புக்கு ஏறியது.

"அம்மா, விட்டுராத."

"விடமாட்டேன்டா கண்ணு."

அமுக்கினாள்.

வெளிச்சம். விசிறி சுற்றியது. கதவு இருந்தது. தரையில் மகளின் செருப்புகள் இருந்தன.

அவள் கை மூடியபடியே இருந்தது. உள்ளே எதுவும் இல்லை. உள்ளங்கையில் சிவப்பு ஈரம்.

"என்னக்கா, சரியாயிருச்சா?" என்றான் தம்பி.

அவள் விரல் அந்த எழுத்தின் மேல் நின்றது. அமுக்குவதா? கூடாதா? யாரைக் கேட்பது?

திரையில் இரண்டு பட்டைகளும் இப்போது சரிசமமாக இருந்தன. கீழ்ப்பட்டையின் கறுப்புக்குள்ளிருந்து நான்கு சின்ன விரல்கள் மேலே வந்து, படத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டிருந்தன. நகச்சாயம் இன்னும் காயவில்லை.