பதினோரு நாள் கிளை

காலையில் ஒரு ஃபெலிக்ஸ் அலுவலகத்துக்குப் போனான், இன்னொரு ஃபெலிக்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போனான். தூத்துக்குடியில் அப்போது இதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மனத்தைக் கிளை பிரித்து வாடகை உடலில் ஏற்றி அனுப்பலாம். மாலையில் இணைப்பு நாற்காலியில் உட்கார்ந்தால் இரண்டு பகல்களும் ஒரே தலைக்குள் வந்து சேர்ந்துவிடும்.

ஆனால் அன்றன்றைக்கே இணைத்துவிட வேண்டும். நாள் தள்ளிப்போனால் கிளையும், தண்டு என்கிற மூல மனமும் வேறு வேறு ஆளாகிவிடும். நினைவுகள் மோதும், மோதுகிற இடத்தில் ஒன்றைத்தான் மூளை ஏற்கும். கையேட்டில் இதைத் தடித்த எழுத்தில் போட்டவனே ஃபெலிக்ஸ்தான். அந்த மென்பொருளின் வெளியீட்டுத் தலைவன் அவன்.

ஒன்பது வயது மகள் ஜெனிட்டாவுக்கு ரத்தப் புற்றுநோய் முற்றியிருந்தது. புதிய பதிப்பின் வெளியீடும் நெருங்கிக்கொண்டிருந்தது. கிளையை மகளின் கட்டிலருகே உட்கார வைத்தான். முதல் நாள் மாலை இணைக்கப் பயமாக இருந்தது. அந்த வேதனையும் சேர்ந்து வந்தால் வேலையில் கை ஓடாது, வெளியீடு முடியட்டும் என்று நினைத்தான். மறுநாளும் அதையே நினைத்தான். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவனுக்குத் தன் வீட்டு விஷயம் மட்டும் விதிவிலக்கு.

அந்தப் பதினோரு நாளும் அலுவலகத்தில் நூறு பேர் எழுதிய நிரல் கிளைகள் வந்து மோதின. ஒவ்வொன்றாகப் படித்துத் தீர்க்க யாருக்கு நேரம்? மோதும் இடத்திலெல்லாம் கிளையில் இருப்பதைத் தள்ளிவிடும் ‘அனைத்திலும் தண்டையே வை’ என்ற பொத்தானைத் தட்டித் தட்டி விரல் பழகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் வெளியீடு முடிந்தது. மூன்றரை மணிக்கு ஜெனிட்டா போய்விட்டாள். மகளோடு இருந்த நாட்களையாவது நெஞ்சில் வாங்கிக்கொண்டு போகலாம் என்று ஃபெலிக்ஸ் இணைப்பு நாற்காலிக்கு ஓடினான். கண்ணீரில் திரை சரியாகத் தெரியவில்லை. நாலாயிரத்துச் சொச்சம் மோதல்கள். இங்கேயும் அதே பொத்தான்; பழகிய விரல் அதைத் தட்டியது. இணைந்த கிளை உடனே அழிந்துவிடும். குப்பை சேரக் கூடாது என்று அந்த விதியையும் அவன்தான் போட்டிருந்தான். ஆஸ்பத்திரியில், ஜெனிட்டாவின் கையைப் பிடித்திருந்த வாடகை உடல் அப்படியே தலை சாய்ந்தது.

கல்லறைத் தோட்டத்துக்கு வந்தவர்கள், பதினோரு நாளும் பிள்ளையை விட்டு நகராமல் இருந்தாயே என்று அவனைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவன் தலையாட்டினான். வெட்கத்தில் செத்துவிடலாம்போல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஸ்டெல்லா அவனருகே உட்கார்ந்தாள்.

“மூணு மணிக்கு என்னைய வெளிய போகச் சொல்லிட்டு, ஒங்க காதுல என்னமோ சொன்னாளே. என்ன சொன்னா?”

அவன் அந்த மூன்று மணியைத் தேடினான்.

“எம்மேல கோவமா சொல்லியிருந்தாலும் பரவால்ல. எம் புள்ள பேசுனது எனக்கு வேணும்.”

“ரிலீஸ் முடிஞ்சதுக்கு ஆபீஸ்ல கேசரி குடுத்தாங்க, ஸ்டெல்லா,” என்றான் ஃபெலிக்ஸ். “நெய் நெறைய விட்டிருந்தாங்க. மூணு மணிக்கு எனக்கு அதுதான் ஞாபகம் இருக்கு.”