அம்மாவின் கழுத்தில் என்ன?

சாந்தோமில் கடற்கரைக்குப் போகும் சந்து ஒன்றில்தான் ஜொவிட்டாவின் வீடு. தினமும் காலையில் அவளுடைய அம்மா ஆலிஸ், பாடிக்கொண்டேதான் அவளுக்குப் பின்னல் போடுவார்.

அம்மா பாடத் தொடங்கினால் போதும், ஜொவிட்டாவுக்குக் கண் சொக்கிவிடும். உட்கார்ந்திருக்கும் முக்காலி படகாகும். சமையலறைத் தரை கடலாகும். மிக்ஸியைச் சுற்றிக்கொண்டு டால்பின் ஒன்று நீந்திப் போகும்.

"இன்னும் ஒரே ஒரு பாட்டும்மா!" என்று கெஞ்சுவாள். கீழே பள்ளி வேன் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோகும். ஜொவிட்டா மேடத்துக்கு அதெல்லாம் காதில் விழுந்தால்தானே!

டிசம்பர் தொடக்கத்தில், அம்மாவின் கழுத்தில் சின்னதாக ஒரு வீக்கம் தெரிந்தது. அம்மா தண்ணீர் விழுங்கினால் அதுவும் ஏறி இறங்கியது.

மாதா கோயிலில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அம்மாவோடு பாடும் மெட்டில்டா ஆன்ட்டி அந்த வீக்கத்தைப் பார்த்துவிட்டார்.

"ஐயையோ ஆலிஸ்! எட்டாத சுதியில பாடிப் பாடியே கழுத்து வீங்கிப்போச்சு பாரு. கொஞ்ச நாளைக்கு வாயைத் திறக்காத!"

மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். ஒருவர் மிளகு என்றார். இன்னொருவர் பனங்கற்கண்டு என்றார். டாக்டர் என்ற சொல் மட்டும் யார் வாயிலும் வரவில்லை. அம்மா துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, பாட்டையே நிறுத்திவிட்டார்.

பின்வரிசையில் இருந்த ஜொவிட்டா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவை ஓயாமல் பாட வைத்தது யார்? அவள்தானே!

மறுநாள் காலை அம்மா சீப்போடு வந்தார். பின்னல் போடும்போது பழக்கத்தில் பாடிவிட்டால்?

"வேணாம்மா, நானே பின்னிக்கிறேன்."

பின்னினாள். ஒரு பின்னல் காதுக்கு மேலே முளைத்தது. இன்னொன்று தோளுக்குக் கீழே தொங்கியது. வேன் டிரைவர் தன் தலையையும் ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

இரண்டு மூன்று நாள் இப்படியே போனது. அம்மாவின் முகம் வாடிவிட்டது. "என் கழுத்தைப் பார்க்கவே பிடிக்கலையா பாப்பா?" என்று கேட்டே விட்டார்.

ஜொவிட்டாவுக்கு அழுகை முட்டியது. படியிறங்கி ஓடிவிட்டாள். பாட்டில்லாத வீடு அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பயிற்சி. அம்மா ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டுக்குழுவில் எல்லாருக்கும் மூத்தவரான பிலிப் மாமா குரலெடுத்தார். அவர் குரலெடுத்தால் ஜன்னலில் இருக்கும் புறாக்கள் அலறிப் புடைத்துக்கொண்டு பறக்கும். ஜொவிட்டாவும் மனசுக்குள் அவற்றோடு பறந்து, கலங்கரை விளக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். அங்கிருந்து கீழே பார்த்தால், பிலிப் மாமாவின் ஒல்லிக் கழுத்து தெரிந்தது! அவர் காலருக்குள் இன்னொரு கழுத்தே நுழையலாம்.

சட்டென்று தரைக்கு வந்துவிட்டாள்.

"மாமா, நீங்க எவ்ளோ நாளா பாடுறீங்க?"

"உங்கம்மா பொறக்குறதுக்கு முன்னாடிலேர்ந்து. இன்னா விஷயம்?"

"கழுத்து வீங்கினதே இல்லையா?"

"எனக்கா? தொண்டை கட்டும். கழுத்து வீங்குனதே இல்ல. வீங்கினாலாவது இந்தச் சட்டை ஒழுங்கா நிக்கும்!"

ஜொவிட்டா அம்மாவிடம் ஓடினாள். "இது பாட்டால வந்ததில்லம்மா! பாட்டால வீங்கும்னா மாமா கழுத்து பூசணிக்காய் மாதிரி இருந்திருக்கணுமே! டாக்டர்கிட்ட போலாம் வா."

அம்மா துப்பட்டாவை இறுக்கிக்கொண்டார். "பயமா இருக்குடி. பெருசா ஏதாவது சொல்லிட்டா?"

"சொன்னா ரெண்டு பேரும் சேர்ந்து கேட்டுக்கலாம்" என்று ஜொவிட்டா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் மயிலாப்பூரில் டாக்டர் ஜஹனாராவைப் பார்க்கப் போனார்கள். டாக்டர் அம்மாவுக்குப் பின்னால் நின்று, தண்ணீர் விழுங்கச் சொல்லி, கழுத்தை மெல்லத் தடவிப் பார்த்தார்.

"இது தைராய்டு சுரப்பி. பட்டாம்பூச்சி மாதிரி நம்ம எல்லார் கழுத்துலயும் இருக்கு. உடம்பு சுறுசுறுப்பா இயங்க அதுதான் உதவுது. உங்களுக்கு அது கொஞ்சம் பெருத்திருக்கு. வீட்டுல என்ன உப்பு?"

"இந்துப்பு டாக்டர். உடம்புக்கு நல்லதுன்னு..."

"அதுல அயோடின் ரொம்பக் குறைவு. அயோடின் கலந்த உப்புக்கு மாறிடுங்க. ஆனா அதுமட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாது. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்துப் பார்த்துடலாம்."

ஜொவிட்டா முன்னால் வந்து நின்றாள். "டாக்டர்... நான்தான் அம்மாவைத் தினமும் பாடு பாடுன்னு சொல்வேன். அதனால வரலையே?"

"பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல கண்ணு."

அம்மா திகைத்துத் திரும்பினார். "அட அசடே! இதை மனசுல வச்சுக்கிட்டுத்தான் நீயே பின்னிக்கிட்டியா?" அவர் இறுக்கி அணைத்ததில் ஜொவிட்டாவுக்கு மூச்சுத் திணறியது. அப்படித் திணறுவதும் சுகமாகத்தான் இருந்தது.

சில நாளில் முடிவுகள் வந்ததும் மறுபடியும் டாக்டரிடம் போனார்கள். பயப்படும்படி ஒன்றும் இல்லை. சுரப்பி சற்று மந்தமாக வேலை செய்கிறது, அவ்வளவுதான். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட வேண்டும். டாக்டர் சொல்லும்போதெல்லாம் பரிசோதனைக்கு வர வேண்டும்.

"நான் பாடலாமா டாக்டர்?" என்று அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தாராளமா!"

மாலையில் ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினார்கள். அம்மா துப்பட்டாவைத் தளர்த்திக் கழுத்தில் காற்று படவிட்டார். பிறகு மெல்லப் பாடத் தொடங்கினார். டிரைவர் கையை நீட்டி ரேடியோவை அணைத்தார்.

ஜொவிட்டாவின் கண்கள் சொக்கின. ஆட்டோ மெதுவாகத் தரையை விட்டு எழும்பியது. கச்சேரி ரோட்டு மாடிகளில் காயும் துணிகளை உரசிக்கொண்டு போனது. கீழே பேருந்துகள் குட்டிக் குட்டியாய்ப் போயின.

"பாப்பா, ஊடு வந்துச்சு" என்றார் டிரைவர்.

ஜொவிட்டா கண் திறந்தாள். அம்மா இன்னும் பாடிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, கடற்கரைப் பக்கமா இன்னொரு சுத்து போலாமா? பாட்டு இன்னும் முடியல."

"நானும் அதைத்தான் கேக்கலாம்னு இருந்தேன் பாப்பா" என்று அவர் ஆட்டோவைக் கடல் பக்கம் திருப்பினார்.