கடைக்கதவில் டோப்ரிங்காவின் படம்

அன்று காலை கடையில் இருந்தவர்கள் இவர்கள்: அடுப்பு வாயில் பெஞ்சோ. கல்லாவில் அவன் மகன் வெலிஸ்லாவ், ஒரு கையில் போனுடன். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே கண்ணைத் துடைத்தபடி மருந்துக்கடை ரைனா. அவளுக்குப் பின்னால் தெருமுனை வரை வரிசை. உள்ளே, மாவு மூட்டைகள் அடுக்கிய அறையில், செத்துப்போய்விட்டதாக யாம்போல் ஊரே நம்பிக்கொண்டிருந்த டோப்ரிங்கா.

பெஞ்சோவின் மனைவி, வெலிஸ்லாவின் தாய். கடையில் விற்கிற பானித்சாவுக்கு அடுக்கடுக்காக மாவை இழுத்து, நடுவே பாலாடைக்கட்டி உதிர்க்கிறவள் அவள்தான். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து வேறெதுவும் செய்ததில்லை. அவள் நெய் தடவிய கையோடு நின்றுகொண்டிருந்தாள். வெளியே யாரை நினைத்து அழுகிறார்கள் என்று அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

இதெல்லாம் வெலிஸ்லாவின் வேலை. தலைநகர் சோபியாவில் வேலை போய், ஊர் திரும்பி, போனில் ஏதோ விளம்பர வகுப்பில் சேர்ந்திருந்தான். "இப்ப யாரும் பொருளைப் பாக்கறதில்லைம்மா, ஆளைத்தான் பாக்கறாங்க" என்று வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தான். வெளிநாட்டுக் கடைகளில் அந்த மாதம் ஓடிய மோஸ்தர் இது: பல வருடம் உழைத்த ஒருவரின் கறுப்பு வெள்ளைப் படம், மெதுவான பியானோ, இரண்டு வரி நன்றி. லட்சக்கணக்கில் பார்த்தார்களாம். அவனும் அடுப்பிலிருந்து திரும்பிய அம்மாவின் களைத்த முகத்தைப் பிடித்தான். நிறத்தை எடுத்தான். அழகாக இருக்கட்டுமென்று கறுப்புக் கரை கட்டினான். 'டோப்ரிங்கா. எங்கள் கைகள். நன்றி, அம்மா' என்று எழுதி ராத்திரி கடையின் இணையப் பக்கத்தில் ஏற்றினான். போனில் இருப்பது தெருவிலும் இருக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதையே தாளில் அச்சடித்துக் கடைக்கதவில் ஒட்டிவிட்டுத் தூங்கப் போனான்.

வேறு நாட்டில் அது விளம்பரம். யாம்போலில் கதவில் ஒட்டிய கறுப்பு வெள்ளை முகத்துக்கு ஒரே அர்த்தம்தான். பஸ் நிறுத்தம், மின்கம்பம், வீட்டு வாசல் என்று போனவர்களின் முகங்கள் எங்கும் ஒட்டியிருக்கிற ஊர். ரொட்டி வாங்கப் போகிறவர்கள் அந்தத் தாள்களைப் படித்துவிட்டுத்தான் ரொட்டி வாங்குவார்கள். அதைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு அது நினைவில் வரவில்லை. விடிந்ததும் பூக்கள் வந்தன.

"நேத்து சாயங்காலம்கூட எனக்கு ஓரத்துத் துண்டா பாத்து எடுத்துக் குடுத்தாளேடா!" ரைனா இரண்டு கார்னேஷன் பூக்களைக் கண்ணாடி மேல் வைத்தாள். உயிரோடு இருப்பவர்களுக்கு யாரும் இரட்டைப்படையில் பூ கொடுப்பதில்லை.

வெலிஸ்லாவ் வாயைத் திறந்தான். போனைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். "என்ன சொல்றதுன்னே தெரியலக்கா" என்றான். அது பொய்யில்லை.

பிறகு உள்ளே ஓடி வந்தான்.

"அம்மா, கத்தாதே. ஒரு சின்னக் குழப்பம்."

"நான் எங்கடா கத்தினேன்?"

"நீ செத்துட்டேன்னு ஊரு நினைக்குது."

டோப்ரிங்கா தன் கைகளைப் பார்த்தாள். "எப்போ?"

"ராத்திரி."

"போய் இல்லேன்னு சொல்லு."

"சொல்லத்தான் போறேன். ஆனா இதப் பாரு... இவ்ளோ நாள் போட்டதுல எதுக்காவது இப்படிக் கூட்டம் வந்துச்சா? புர்காஸ்ல இருந்தெல்லாம் எழுதறாங்க. உன் பானித்சாவ நெனச்சு அழறாங்கம்மா! மத்தியானம் வரைக்கும் இங்கயே இரு. இப்பப் போயி மறுத்தா நம்ம பக்கமே செத்துரும்."

"பக்கம் சாகக் கூடாது. நான் சாகலாம்."

"உனக்காகத்தானேம்மா! குளிர்காலம் தாண்டாது, கடைய மூடிருவோம்னு நீதான அழுதே?"

அடுப்படியிலிருந்து பெஞ்சோ எட்டிப் பார்த்தான். "உக்காந்திரேன் டோப்ரிங்கா. இதனால யாரு சாகப்போறா?"

அவள் உட்கார்ந்தாள். உட்கார் என்றால் உட்கார்ந்து, எழு என்றால் எழுந்து பழகிய உடம்பு. மாவு மூட்டையில் சாய்ந்து தன் சாவைக் கேட்டாள். உப்பு தூக்கல் என்று முகம் சுளித்தவர்கள் அவள் கைக்கு ஈடில்லை என்றார்கள். நல்ல வார்த்தைகள்தான். முதுகு வலித்தது. உயிரோடிருக்கும்போது ஒருவராவது வந்து சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. அதை யோசிக்கவும் அலுப்பாக இருந்தது.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"அண்ணா..."

ஸ்டாங்கா. பெஞ்சோவின் தங்கை. இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறாள். ஆறு வருடமாக இந்தக் கடை வாசலை மிதித்ததில்லை. டோப்ரிங்கா எதிரே வந்தால் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவாள்.

காரணம் ஸ்டாங்காவின் தாய், அதாவது டோப்ரிங்காவின் மாமியாரின் சாவு. ஸ்டாங்கா அப்போது இத்தாலியில் யாரோ ஒரு கிழவருக்குச் சோறூட்டும் வேலையில் இருந்தாள். கிழவி படுத்தவுடனே டோப்ரிங்கா புருஷனிடம் சொன்னாள், தங்கைக்குப் போன் பண்ணு என்று. பண்ணிவிட்டேன், லீவு கிடைக்கவில்லையாம் என்றான் பெஞ்சோ. அவன் பண்ணவேயில்லை. தெருக்காரி ஒருத்தி மின்கம்பத்துச் சாவுத்தாளைப் படமெடுத்துப் போட, அதைப் போனில் பார்த்துத்தான் தாய் போனது மகளுக்குத் தெரிந்தது. புதைத்த மண் காய்ந்த பிறகு வந்து முற்றத்தில் நின்று கத்தினாள்: "எனக்குச் சொல்ல வேண்டியது யாரு?" பெஞ்சோ தரையைப் பார்த்தான். "என் தப்பு. நான்தான் மறந்துட்டேன்" என்றாள் டோப்ரிங்கா.

இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்டாங்கா அழுதுகொண்டிருந்தாள்.

"இதையும் போன்லதான் பாத்தேண்ணா... அம்மா சாவ மாதிரியே! மறந்துட்டாளேன்னு அவளச் சபிச்சேன். ஈஸ்டருக்கு வந்து என் கதவத் தட்டினா, நான் தொறக்கல. சாயம் பூசின முட்டைய வாசல்லயே வெச்சிட்டுப் போனா... இனிமே யார்கிட்ட போயி நான் மன்னிப்பு கேப்பேன்? சொல்லுண்ணா!"

மூட்டை அறையில் டோப்ரிங்கா எழுந்து நின்றாள். காத்திருந்தாள். இப்போதாவது சொல்வான். செத்தவள் மேல் கிடக்கிற பழியை எடுத்துவிட ஒரு வாக்கியம் போதும்.

பெஞ்சோ தொண்டையைக் கனைத்தான். "கடவுள் அவளை மன்னிக்கட்டும்" என்றான்.

சாவு வீட்டில் எல்லோரும் சொல்கிற சொல்தான். மன்னிப்பு யாருக்கு வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும்.

டோப்ரிங்கா அறை வாசலில் தொங்கிய திரைத்துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

ரைனா வீறிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். யாரோ குடித்துக்கொண்டிருந்த போசா பானப் பாட்டிலைக் கீழே போட்டார்கள். ஸ்டாங்கா மட்டும் கத்தவில்லை. முதலில் அவள் முகம் மலர்ந்தது. அப்புறம் வெலிஸ்லாவின் போனைப் பார்த்தாள், கதவுத் தாளைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள். முகம் இருண்டது.

"ஓ... நாடகமா? என் அம்மாவோட சாவத்தான் மறைச்சே. இப்ப உன் சாவையே விக்கிறியா அண்ணி? பானித்சா போணியாகணும்னா நான் வந்து அழணுமா?"

அவள் திரும்பிவிட்டாள். இப்போது போனால் இனி வரமாட்டாள் என்று டோப்ரிங்காவுக்குத் தெரிந்தது.

"ஸ்டாங்கா, நில்லு. பெஞ்சோ... அவகிட்ட சொல்லு."

"எதை?"

"எதைன்னு உனக்குத் தெரியும். செத்தப்புறமும் நானே சுமக்கணுமா?"

அடுப்பில் ஒரு தட்டு கருகும் வாசனை. பெஞ்சோ கையிலிருந்த நீளக் கரண்டியைச் சுவரில் சாய்த்தான். அது சரிந்து விழுந்தது.

"நான்தான் போன் பண்ணல" என்றான். "இவ ஓயாம சொன்னா. பண்ணிட்டேன்னு பொய் சொன்னேன். அம்மா போறாங்கன்னு என் வாயால... உன்கிட்ட... வரல ஸ்டாங்கா. நாளைக்கு, நாளைக்குன்னு இருந்தேன். அதுக்குள்ள அம்மா போயிட்டாங்க."

ஸ்டாங்கா அண்ணனைப் பார்க்கவேயில்லை. "அண்ணி... நீ ஏன் பழிய ஏத்துக்கிட்டே?"

"அம்மா போயாச்சு. அண்ணனாவது உனக்கு மிஞ்சட்டும்னு..."

"அடிப்பாவி! உன்ன யாரு கேட்டா? ஆறு வருஷம்! ஒரு பேச்சுத்துணை இல்லாம ஜன்னலப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேனே..."

அடிக்கத்தான் கை ஓங்கினாள் போலிருந்தது. அது கழுத்தைச் சுற்றி விழுந்தது. அவள் கொண்டுவந்த நான்கு பூக்கள் இருவருக்கும் நடுவே நசுங்கின. டோப்ரிங்கா அழுதாள். தோள் குலுங்க, சத்தமில்லாமல், ரொம்ப நேரம். பிறகு அந்த நான்கு பூக்களிலிருந்து ஒன்றை உருவிக் கண்ணாடி மேல் வைத்தாள். மீதி மூன்றையும் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, அப்படியே நில்லு! அத்தை, கைய எடுக்காதே!" வெலிஸ்லாவின் போன் அவர்கள் முகத்துக்கு நேரே இருந்தது. "நேரலை போயிட்டிருக்கு. 'உயிரோடு இருக்கிறார்'னு போட்டேன், கூட்டம் அள்ளுது! ஒரு வார்த்தை பேசும்மா..."

டோப்ரிங்கா மகனைப் பார்த்தாள். அவனிடம் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் அவளை அதிகம் களைக்கச் செய்தது.

அவள் மாவு படிந்த ஏப்ரனை அவிழ்த்து அவன் தோளில் போட்டாள். "ஆளத்தான பாக்கறாங்க? அடுப்படில உங்கப்பா நிக்கறாரு. அவரக் காட்டு."

"நாளைக்கு மாவு பிசையறது யாரு?" என்றான் பெஞ்சோ.

"செத்தவகிட்ட கேக்கறியே."

அவள் ஸ்டாங்காவோடு வாசலுக்கு நடந்தாள். வரிசை வழிவிட்டது. யாரோ அவள் கையைத் தொட்டார்கள். நிஜமா என்று பார்க்கத்தான். கதவிலிருந்த தாளை அவள் கிழிக்கவில்லை. அதை ஒட்டியவர்கள் கிழிக்கட்டும்.

இரண்டு தெருவும் வெலிஸ்லாவ் போனைத் தூக்கிப் பிடித்தபடி பின்னாலேயே வந்தான். "அம்மா, இங்க பாரு... அம்மா, எப்போ வருவே? பாக்கறவங்க கேக்கறாங்க..." ஸ்டாங்காவின் அடுக்குமாடியில் படி ஏறும்போதும் கேட்டான். கடைசிப் படியில்தான் போனைத் தாழ்த்தினான். "நான் கேக்கறேம்மா" என்றான்.

டோப்ரிங்கா நின்றாள். திரும்பி அவன் கன்னத்தில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துவிட்டாள்.

ஸ்டாங்கா அவளை உள்ளே இழுத்தாள். கதவு மூடியது. பூட்டில் சாவி இரண்டு தடவை திரும்பியது.