நீலம் மாறவில்லை

1974 பிப்ரவரி. காலை ஏழு பத்து. ஏலப்பாறைக்கு மேலே ஒரு எஸ்டேட்டில், கொழுந்து எடுக்கப் போன செபமாலையம்மாள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நினைவில்லாமல் கிடந்தாள். கம்பளியில் கிடத்தி டிஸ்பென்சரிக்குத் தூக்கி வந்தார்கள்.

நர்ஸ் ஞானஜோதி அங்கே வேலைக்கு வந்து நாலே நாள். டாக்டர் வாரத்துக்கு ஒரு முறைதான் வருவார். செபமாலையம்மாளின் மூச்சு இரைத்தது. அதில் அழுகிய பழ வாடை. சர்க்கரை ஏறிவிட்டது என்று ஞானஜோதிக்குத் தோன்றியது.

“ஏற வழியில்லையே சிஸ்டர்,” என்றார் கம்பவுண்டர் சுவக்கீன். “மூணு வாரமா மூத்திரத்துல சர்க்கரையே இல்ல. டாக்டர் ஊசியையே நிறுத்திட்டாரு.”

இடுப்புச் சாவியால் அலமாரியைத் திறந்து, மூத்திரத்தில் சர்க்கரை பார்க்கும் நீல மருந்துப் பாட்டிலை, கழுத்துவரை நிறைந்திருந்ததை, எடுத்துக் கொடுத்தார். அந்த மருந்தில் கொஞ்சம் எடுத்து, குழாய் போட்டு எடுத்த நோயாளியின் மூத்திரத்தை எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்சினாள் ஞானஜோதி. சர்க்கரை இருந்தால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மாற வேண்டும். நீலம் மாறவில்லை.

ஏழு நாற்பது. நீலம் உண்மையானால் இன்சுலின் ஊசி இவளைக் கொன்றுவிடும். பொய்யானால், ஊசி போடாததே கொன்றுவிடும்.

சட்டென்று அதே நீல மருந்தில் குளுக்கோஸ் பொடி ஒரு சிட்டிகை போட்டுக் காய்ச்சினாள் ஞானஜோதி. அப்போதும் நீலம்தான்.

“இது மருந்தே இல்ல!” ஊசியைப் போட்டாள். சலைன் ஏற்றினாள். ஜீப்புக்கு ஆள் ஓடியது.

சத்தம் கேட்டு வந்த ஸ்டோர் கீப்பர் செல்லத்துரை பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “ஏலச்செடிக்கு அடிக்கிற துரிசுத் தண்ணி, மயில்துத்தம் கரைச்சது மாதிரி இருக்கே.”

“துரிசு யாருக்குக் குடுத்தீங்க?”

“சிரங்குக்குன்னு லயத்து வீடுங்கள்ல பாதிப் பேர் வாங்கிட்டுப் போறாங்க சிஸ்டர்.”

ஞானஜோதி திரும்பினாள். “கம்பவுண்டரண்ணே, இந்தப் பாட்டில் எப்ப வந்தது?”

“புது வருஷத்துக்கு.”

“அப்புறம்?”

“வேற வரல.”

“ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குப் பாக்குறீங்க?”

“பத்து பேருக்கு... எஸ்டேட்டுக்கு வெளியாளுங்களும் வருவாங்க.”

“அப்ப பாட்டில் எப்படி இன்னும் நிறைஞ்சிருக்கு? சாவி உங்ககிட்ட மட்டும்தானே இருக்கு. ஊத்தினது நீங்கதான்.”

சுவக்கீன் பெஞ்சில் சரிந்தார். “மூணு மாசத்துக்கு ஒரு பாட்டில்தான் தருவாங்க சிஸ்டர். வெளியாளுக்குப் பார்த்துத் தீர்த்தேன்னு தெரிஞ்சா சோதனையையே நிறுத்திருவாங்க. துரிசைக் கரைச்சு ஊத்திட்டு, ஒரு வாரத்துல எப்படியும் வேற வாங்கிரலாம்னு நெனச்சேன்.”

“வேற யாருக்கெல்லாம் ஊசியை நிறுத்தினாங்க?”

“பன்னண்டு பேருக்கு.”

“ஒவ்வொரு கதவா நீங்களே தட்டுங்க. பொய் சொன்னேன்னு உங்க வாயாலயே சொல்லி, இங்க கூட்டிட்டு வாங்க.”

ஜீப் வந்தது. செபமாலையம்மாளோடு ஞானஜோதியும் ஏறிக்கொண்டாள்.

மாலை நாலரைக்கு, ஆஸ்பத்திரியில் கெஞ்சி வாங்கிய புதுப் பாட்டிலோடு திரும்பினாள். செபமாலையம்மாள் ஆஸ்பத்திரியில் கண் திறந்துவிட்டாள். டிஸ்பென்சரி வராந்தாவில் பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“இன்னொருத்தர் எங்க?”

செல்லத்துரை சரிவைக் காட்டினார். மூச்சு வாங்க, யாரோ அறைந்த கன்னம் வீங்கி, பன்னிரண்டாவது ஆளை முதுகில் சுமந்துகொண்டு சுவக்கீன் ஏறி வந்துகொண்டிருந்தார்.